துண்டு தெரியாத பெட்டி

“ஆளே வேணாம் மாதண்ணா. நான் ஒருத்தியே போதும்” என்று நித்யா போனில் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நித்யா, நான் பெங்களூரில் வேலை பார்த்த கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, தர்மபுரியில் தன் வீட்டு மாடியில் ஒரு அறையைப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கப் போகிறாள். புரோகிராம் எழுதுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாம். கணக்குக்கு ஒன்று, கடிதம் எழுத ஒன்று, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஒன்று என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டதாம். “நீங்க அந்தக் காலத்துலயே ஒத்தை ஆளா கம்பெனி நடத்துனீங்களே. எப்படின்னு எழுதிக் குடுங்க. எங்க செட்ல நாலஞ்சு பேரு இதே யோசனைலதான் இருக்கோம்” என்றாள்.

எழுதுவதற்கு நான் ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சொல்லாமல் விட்டால் அதுவும் என்னைத் தூங்கவிடாது. கேஸை மூடினேனா என்று பார்க்க அடுப்படிக்கு மூன்று தரம் போகிறவன் நான். நல்ல செய்தியோடு போன் வந்தாலும் யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்பேன். அப்படிப்பட்டவன் எழுதுவது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

படிப்பை விட்டதும் பாப்பாரப்பட்டியில் ஒரு டிவி ரிப்பேர் கடை, பிறகு மோட்டார் காயில் கட்டும் பட்டறை, பிறகு பெங்களூரில் கேபிள் இழுக்கும் வேலை. கேபிள் இழுக்கப் போன கட்டடத்தில் ஒரு நாள் சர்வர் அறைக்கு ஆள் குறைந்தது. உள்ளே போனவன் இருபது வருடம் வெளியே வரவில்லை. அதற்குள் படித்தது எல்லாம் பக்கத்தில் நிற்பவன் கையைப் பார்த்துப் படித்ததுதான். இங்கிலீஷ் உட்பட.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் பத்மா மேடம். மைசூர் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் விழும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த மெஷினைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் அவர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும். மூன்று கேள்வி கேட்பார். யார் தொடுகிறது? யாருக்கெல்லாம் தெரியும்? தப்பானால் திரும்பி வர வழி என்ன? மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு நோட்டில் எழுதுவார். ஒன்றுக்குத் தடுமாறினால், “அவசர பேடா மாது, அவசரம் வேணாம், யோசிச்சுட்டு வா” என்று நோட்டை மூடிவிடுவார். அவ்வளவுதான். திட்டு கிடையாது. அந்த நோட்டு மூடுகிற சத்தம்தான் திட்டு.

இன்னொரு நடைமுறையும் உண்டு. மெஷினுக்குள் கையை விடுகிறவன், அதற்குக் கரண்ட் போகிற சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் அந்தச் சுவிட்சை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து அட்டையைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ரூமில் தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தபோது மேடத்தின் போன். “உன் அட்டை தொங்குது.” நான் பதறி, “வேலை முடிஞ்சிருச்சு மேடம், நீங்களே கழட்டிருங்க” என்றேன். “உன் கை உள்ள இருக்கா இல்லையான்னு உனக்குத்தான் தெரியும். வா” என்றார். இரண்டு பஸ் மாறிப் போனேன். அந்த வரிசை மெஷின்கள் எல்லாம் அணைந்து கிடக்க, பெரிய அதிகாரிகள் இரண்டு பேர் வாட்சைப் பார்த்தபடி நின்றார்கள். மேடம் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். நான் அட்டையைக் கழற்றினேன். “சாப்டியா?” என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

வேலையை விட்டது துணிச்சலால் என்று ஊரில் சொல்வார்கள். பயத்தால்தான் விட்டேன். சர்வர்களை எல்லாம் வேறு எங்கோ மாற்றப் போகிறார்கள், டிகிரி இல்லாதவர்களை முதலில் அனுப்புவார்கள் என்று பேச்சு. யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று இருக்கும். இரண்டு வருடம் அப்படி ஓடியது. தள்ளிவிடுவதற்கு முன்னால் நானே குதித்துவிடலாம் என்று ஆகிவிட்டது.

குதிக்க ஒரு இடமும் கண்ணில் பட்டிருந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் சாப்பிட்ட கையோடு ஓடுவார்கள், மோட்டார் கொட்டாய்க்கு. ஓடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தால் மறுபடி போய்விடும். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிம் போட்ட பெட்டி வைத்து, கரண்ட் வந்ததும் அதுவே போன் பண்ணிச் சொல்லி, போனிலேயே பட்டனை அழுத்தி மோட்டார் போடச் செய்தால் என்ன? அது மாதிரிப் பெட்டிகள் கடையில் ஏற்கெனவே உண்டு. இங்கிலீஷில் பேசின. என்னுடையது நம் பேச்சில் பேசும்.

என் மனைவி ருக்மணியிடம் சொன்னேன்.

“கம்பெனிக்கு முதலாளி யாரு?”

“நான்தான்.”

“தொழிலாளி?”

“அதுவும் நான்தான்.”

“ரெண்டு பேத்துக்கும் சண்டை வந்தா யாருங்க பஞ்சாயத்து பண்றது?”

அப்போது சிரித்தேன். பெட்டிக்குக் குரலும் அவளே கொடுத்தாள். துணி காயப்போட்டுவிட்டு வந்து, ஒரே மூச்சில் பேசினாள்: “கரண்டு வந்துருச்சுங்க. மோட்டாரு போட ஒண்ணை அழுத்துங்க.” அந்தக் குரலுக்காகவே வாங்கினவர்கள் உண்டு. சந்தையில் அவளைப் பார்த்தால், “ஒண்ணை அழுத்தட்டுங்களா?” என்று கிண்டல் பண்ணுவார்கள்.

மூன்று வருடத்தில் எழுபத்து மூன்று பெட்டிகள். வடிவமைப்பது, சால்டரிங் வைப்பது, வண்டியில் கொண்டுபோய் மாட்டுவது, ரிப்பேர், போன் எல்லாம் நானே. கவலைப்படுவதும் நான் ஒருவனே. இடி விழுந்தால் பெட்டி என்ன ஆகும், எலி வயரைக் கடித்தால், பல்லி உள்ளே போனால், சிம் காலாவதியானால் என்று வரிசையாகக் கவலைப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வழி செய்து வைத்திருந்தேன். கவலைப்படாத ஒன்று மிச்சம் இருந்தது.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே பச்சையப்பன், சிவலிங்கம் என்று அண்ணன் தம்பி. இருவருக்கும் பங்குக் கிணறு. நாளுக்கு ஒருவர் முறை. மோட்டார் கிணற்றுக்குள்ளே, பாதி ஆழத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் மேலே கொட்டாயில். என் பெட்டி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில். இரண்டு பேர் நம்பரையும் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். சிவலிங்கம் போன். “மாதண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அண்ணன் கிணத்துக்குள்ள இருந்தாரு.”

இருந்தாரு என்றதும் போர்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “இப்ப?” என்றேன். “ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டோம். உசுரு இருக்குது. கைதான்” என்றான்.

நான் போனபோது கிணற்றடியில் பச்சையப்பனின் மனைவி மட்டும் நின்றிருந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் திட்டவில்லை. கொட்டாய்க்குள் கையைக் காட்டினார்.

“பொட்டி போன் பண்ணுச்சாம். சின்னவரு சந்தைல இருந்து போட்டாராம். துண்டு இங்கதான தொங்குது, பாருங்க.”

ஸ்டார்ட்டர் கைப்பிடியில் ஒரு பச்சைத் துண்டு தொங்கியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கிணற்றிலும் இதுதான் வழக்கம். உள்ளே இறங்குகிறவர் துண்டை ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு இறங்குவார். போட வருகிறவர் துண்டைப் பார்த்தால் கிணற்றை எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார். துண்டை எடுப்பது ஏறி வந்தவர்தான். சட்டமாக யாரும் எழுதி வைத்ததில்லை. சின்ன வயதிலிருந்து நானும் பார்த்தது, நானும் செய்தது.

துண்டுக்குப் பக்கத்தில் என் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆணியில் அவர் சட்டை. சட்டைப் பையில் அவர் போன். அதற்கும் என் பெட்டி அழைத்திருக்கிறது. மேலே யாரும் இல்லாமல் அடித்து ஓய்ந்திருக்கிறது. அடுத்து தம்பிக்கு அழைத்திருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். கரண்ட் இல்லாத நேரம் பார்த்து, மோட்டார் தண்டில் தண்ணீர் கசிகிற இடத்தில் புதுக் கயிறு சுற்றப் பச்சையப்பன் இறங்கியிருக்கிறார். கரண்ட் வந்திருக்கிறது. சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்ற தம்பி, ருக்மணி குரலைக் கேட்டு ஒன்றை அழுத்தியிருக்கிறான். தண்டு சுற்றி, கயிற்றோடு கையையும் இழுத்து, அவரைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருக்கிறது. நீச்சல் தெரிந்தவர் என்பதாலும், மனைவி பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்ததாலும் பிழைத்தார். அந்த அம்மா ஓடி வந்து முதலில் கரண்டை நிறுத்தப் பீஸ் கட்டையைப் பிடுங்கியிருக்கிறார். பிறகுதான் கத்தி ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

சிவப்பு அட்டையை இருபது வருடம் மாட்டிக் கழற்றியவன் நான். அதற்காகச் சோற்றை விட்டு இரண்டு பஸ் மாறிப் போனவன். அந்த அட்டையும் இந்தத் துண்டும் ஒன்றுதான் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஸ்டார்ட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறவனுக்குத்தான் துண்டு தெரியும். யாரும் வந்து நிற்கவே தேவையில்லை என்று நான் ஆக்கிவைத்தேன். அதைச் சொல்லித்தான் விற்றேன்.

கொட்டாய் வாசலில் உட்கார்ந்து பத்மா மேடத்துக்குப் போன் செய்தேன். வேலையை விட்ட பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பேசுவதோடு சரி. எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு தப்பு, யார் மேல் தப்பு, போலீஸ் வருமா, எல்லாரிடமும் சொன்னால் பெட்டியைத் தூக்கி வீசுவார்களா, சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சரி செய்துவிடலாமா என்று. அவர் முழுதும் கேட்டார்.

“மாது, இப்போ மத்த கிணத்துல எத்தனை பேர் உள்ள இருக்காங்க?”

“தெரியாது மேடம்.”

“தெரியாதுன்னா?”

நான் அழ ஆரம்பித்தேன்.

“எல்லாப் பெட்டியையும் நிறுத்து மொதல்ல. அழறதுக்கு அப்புறம் டைம் இருக்கு.”

என் போனிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ‘ஆஃப்’ என்று மெசேஜ் அனுப்பினால் பெட்டி ஒதுங்கிக்கொள்ளும். மோட்டாரை வந்து கையால்தான் போட வேண்டும். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அனுப்பினேன். அனுப்ப அனுப்ப ‘சரி’ என்று பதில் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அவசரத்தில் நம்பர் தப்பி, யார் யாருக்கோ ‘ஆஃப்’ போனது. நடுவில் போன்கள் வர ஆரம்பித்துவிட்டன.

“ஏங்க, பொட்டி செத்துப்போச்சா?”

“நான்தாங்க நிறுத்துனேன். ஒருத்தருக்குக் கிணத்துல அடிபட்டுருச்சு. துண்டு போட்டிருந்தும் பொட்டி மோட்டாரைப் போட்டுருச்சு. சரி பண்ற வரைக்கும் நடந்து போய்ப் போடுங்க.”

“நான் ஓசூர்ல இருக்கறேன். எங்கப்பாவுக்கு முட்டி வலி. அவரு எப்படிய்யா நடப்பாரு? இதுக்கா உங்கிட்ட வாங்குனேன்?”

போன் வந்த ஒவ்வொரு தரமும் முழுதாகச் சொன்னேன். ‘சின்னக் கோளாறு’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பச்சைத் துண்டு எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.

ஒரு பெட்டி மட்டும் பதில் தரவில்லை. சித்தேரி மலைக்குக் கீழே ஒரு பெரியவருடையது. திரும்பத் திரும்ப அனுப்பினேன். அவர் போனும் அணைந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன். வழியில் தெரிந்த ஒவ்வொரு கிணற்றையும் பார்த்துக்கொண்டே போனதில் இரண்டு இடத்தில் விழப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தால் பெரியவர் வாசலில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். பெட்டி பரண் மேல் கிடக்கிறது. சிம்மை மருமகள் போனில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் உள்ளிருந்து வந்து, “மத்தியானத்துல இருந்து யாரோ ‘ஆஃப்’னு மெசேஜ் அனுப்பிகினே இருக்கறாங்க மாமா, யாருன்னே தெரியல” என்றாள்.

“நான்தாம்மா” என்று சொல்லி அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ருக்மணியும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். படிக்கட்டில் நின்று, “நாந்தானங்க போடச் சொன்னேன்” என்றாள். நான் என்ன சொன்னாலும் அவளுக்கு அது போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

பச்சையப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. மீதிக் கையில் பெரிய கட்டு. தம்பி கால்மாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மன்னிப்புக் கேட்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன்.

அவர்தான் முதலில் பேசினார். “நான் துண்டு போட்டுட்டுத்தான்யா எறங்குனேன்.”

“பார்த்தேங்க.”

“எங்க ஆயா காலத்துல இருந்து ஊருல எவனும் துண்டைத் தாண்டி மோட்டாரு போட்டதில்ல. குடிகாரன்கூடப் போடமாட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அவ்வளோ பேசுது உன் பொட்டி. அதுக்குத் துண்டு தெரியாதா?”

அவர் கேலியாகக் கேட்டாரா, கோபமாகக் கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சிவலிங்கம் மட்டும் முதல் முறையாக நிமிர்ந்தான். “அதுக்குத் தெரியற மாதிரி செய்ய முடியுமாண்ணா?” என்று கேட்டான்.

ஆறு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. பெட்டியின் கீழ்ப்பக்கம் ஒரு கொக்கி வைத்தேன். அதில் துண்டைப் போட்டால் கொக்கி கீழே இறங்கி உள்ளே ஒரு சுவிட்சைத் தள்ளும். ஸ்டார்ட்டருக்குப் போகிற இணைப்பே அறுந்துவிடும். போனில் அழுத்தினாலும் சரி, கையால் அழுத்தினாலும் சரி, மோட்டார் எடுக்காது. சிவப்பு விளக்கு எரியும். போன் செய்தால், “ஆளு உள்ள இருக்கறாங்க” என்று சொல்லும். துண்டை எடுத்தாலும் தானாக ஓடாது, மறுபடி கேட்டுத்தான் ஓடும்.

சொல்ல எளிது. ஈரத் துண்டு கனம், காய்ந்த துண்டு லேசு. பழந்துண்டு இன்னும் லேசு. காற்றடித்தால் ஆடும். ஸ்பிரிங்கை இளக்கினால் பல்லி ஏறினாலே கொக்கி இறங்கியது. இறுக்கினால் நூல் துண்டுக்கு அசையவில்லை. வீட்டில் இருந்த துண்டு, பனியன், பாவாடை எல்லாவற்றையும் கொக்கியில் போட்டுப் பார்த்தேன். “கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி ஒண்ணுதான் பாக்கி” என்றாள் ருக்மணி. அந்த ஆறு வாரத்தில் அவள் பேசிய முதல் கிண்டல் அது. புதுக் குரலும் அவள்தான் பேசினாள். ‘ஆளு உள்ள இருக்கறாங்க’ என்கிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பேசச் சொல்லவில்லை. அப்படியே வைத்தேன்.

ஒவ்வொரு பெட்டியையும் நானே போய் மாற்றினேன். அதற்கு முன் சிவலிங்கத்தை ஒன்று கேட்டேன்: “இனிமே எது செய்தாலும் முதல்ல உன்கிட்ட வந்து சொல்றேன். நீ மூணு கேள்வி கேக்கணும்.” மேடத்தின் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சம்பளம் வேண்டாம் என்றான். பன்னிரண்டு வருடம் கேட்டான், ஒன்று விடாமல். சில நாள் நான் எரிச்சலாகக் கிளம்பிவிடுவேன். மறுநாள் பதிலோடு திரும்பி வருவேன்.

பெட்டி வேண்டாம் என்று பதினாறு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேரில் ஒருவர் ஒரு வாரம் கழித்து மோட்டார் எடுக்கவில்லை என்று திட்டினார். போய்ப் பார்த்தால் கொக்கியில் பால் தூக்கு தொங்குகிறது. “தொங்கவிட வசதியா இருந்துச்சு” என்றார். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

போன பொங்கலோடு தொழிலை ஒரு பம்ப் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். கொக்கி எதற்கு, போனிலேயே ‘ஆள் உள்ளே’ என்று ஒரு பட்டன் வைத்துவிடலாமே என்று அவர்கள் இன்ஜினியர் கேட்டார். கிணற்றில் இறங்குகிறவர் போனை மேலே வைத்துவிட்டுத்தான் இறங்குவார் என்றேன். கொக்கி இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

நித்யா, தனியாகச் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. நீ என்னைவிடப் படித்தவள். நீ வைத்திருக்கிற கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். உன்னை நிறுத்திக் கேட்கிறவர் ஒருவர் வேண்டும். சம்பளத்துக்கு வேண்டாம், பங்குக்கு வேண்டாம். நோட்டை மூடுகிற ஆளாக இருந்தால் போதும்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பச்சையப்பன் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கொக்கியில் துண்டு. சிவப்பு விளக்கு. உள்ளே அவர் திட்டில் குனிந்து உட்கார்ந்து இடது கையால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கொக்கி இறங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன்.

அரை மணி ஆகியிருக்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னாத்துக்கு நிக்கற? வூட்டுல போயி உக்காரு, வர்றேன்.”

“இருக்கட்டுங்க.”

“உன் பொட்டிய நீயே நம்பலயா?”

“நம்பறேங்க” என்றேன். “நீங்க மேல வாங்க.”